ஜூஹர் நட்ட முப்பத்தொரு போத்து

எங்கள் ஊரில் பெண்ணுக்கு நிலம் கிடையாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் யாராலும் மாற்ற முடிவதில்லை. தலைநகரில் என்ன எழுதிவைத்தாலும் தாலா இஃப்ரியில் அப்பன் செத்தால் நிலம் மகன்களுக்கு, ஒப்பாரி மகள்களுக்கு. ஜூஹரின் அப்பா போனபோது அண்ணன்மார் இருவரும் ஆலிவ் தோப்பையும் அத்திக் கொல்லையையும் கயிறு பிடித்து அளந்து பிரித்துக்கொண்டார்கள். ஜூஹருக்கு அம்மா நெய்த கம்பளம் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு மூலையை எலி தின்றிருந்தது.

ஆனால் எங்கள் முன்னோர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். எங்கள் ஊர் இருக்கும் கபீல் மலைகளில் மண் வேறு, மரம் வேறு. ஊர்ப் பொதுநிலத்தில் ஒருவர் மரம் நட்டால் மண் ஊருக்கு, மரம் நட்டவருக்கு. நட்டவர் ஆணாக இருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பெண் கடப்பாரை எடுத்துச் சரிவில் முப்பத்தொரு குழி தோண்டுவாள் என்று பாவம், அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூஹர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. கட்டிக்கொண்டவன் பஸ் ஓட்டுநர். ஒருநாள் பட்டணத்துக்கு பஸ் எடுத்துப் போனான். பஸ் திரும்பி வந்தது. அதற்கப்புறம் அவள் யாரையும் நம்பிக் காத்திருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. இருநூறு பிள்ளைகளுக்குப் பருப்புக் கஞ்சி கிளறிக் கிளறி அவள் தோள் எங்களில் பாதிப் பேர் தோளைவிட அகலம்.

அத்திப் போத்தை, அதாவது நடுவதற்கு வெட்டும் கிளைக்குச்சியை, எங்கள் ஊரில் விற்கக் கூடாது. விற்ற போத்து வேர் விடாது என்பார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லவும் கூடாது. கேட்காமலே எடுத்துக்கொண்டால் என்ன என்பதுதான் ஜூஹரின் கண்டுபிடிப்பு. ஜனவரியில் எல்லோரும் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளை வாசலில் அடுப்புக்குக் குவித்துவைப்போம். அவள் வேலை முடிந்து போகிற வழியில் ஒவ்வொரு குவியலிலும் விரல் தடிமனில் நாலு கணுவுள்ள குச்சியாகப் பார்த்து உருவிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தில் காலியான தக்காளி விழுது டப்பாக்களில் ஆற்று மணலை நிரப்பி, மூன்று கணு உள்ளே, ஒரு கணு வெளியே என்று செருகிவைத்தாள். நாற்பது போத்தில் முப்பத்தொன்று துளிர்த்தது. அடுத்த குளிர்காலம் அவற்றை ஊற்றுக்குப் போகும் பாதையோரச் சரிவில் கொண்டுபோய் நட்டாள். அதுவரை அங்கே முள்ளும் பிளாஸ்டிக் பைகளும் மட்டும்தான் செழிப்பாக வளர்ந்துகொண்டிருந்தன.

நாங்கள் சிரித்தோம். காபிக் கடையில் உட்கார்ந்து சிரிப்பதற்கு எங்களுக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க அது போதுமானதாக இருந்தது. ஏழு வருஷம் போனது. அந்த மரங்கள் காய்க்க ஆரம்பித்தபோது சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம்.

இனி எங்கள் பெருமையைச் சொல்ல வேண்டும். ஊருக்குக் கீழே ஒரு கிழட்டு ஆண் அத்தி நின்றது. ஆண் அத்தியைத் தின்ன முடியாது. ஆனால் அதன் காய்க்குள் குளவி இருக்கும், கொசுவில் பாதி. ஜூன் மாதம் அந்தக் காய்களைக் கோரைப்புல்லில் கோத்து, பெண் மரங்களில் மாலை மாலையாகத் தொங்கவிட்டால், குளவி வெளியே வந்து பெண் காய்க்குள் புகுந்து காரியத்தை முடித்துவைக்கும். முடித்துவைக்காவிட்டால் காய் பிஞ்சிலேயே உதிரும். ஊர் முழுக்க அந்த ஒரு கிழவனை நம்பித்தான் பிழைத்தது. அவனைத்தான் சாலையை அகலப்படுத்த ஒருமனதாக வெட்டினோம். எங்கள் ஊர்ச்சபையில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாகத்தான் நிறைவேற வேண்டும். ஒருவன் மறுத்தாலும் செல்லாது. ஆகவே யாரும் மறுப்பதில்லை. முட்டாள்தனம் செய்தாலும் ஒற்றுமையாகச் செய்வோம்.

அதற்குப் பிறகு ஆண் காய் மாலைகளைச் சந்தையில் வாங்கினோம். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். மூன்றாவது வசந்தத்தில் எங்கள் அத்தி இலைகளில் மஞ்சள் திட்டு விழுந்தது. சில இலைகள் சொத்தை நகத்தைப் போலக் கோணின. முதலில் கண்ணேறு என்றோம். பிறகு மேலே பறந்த விமானத்தின் மீது சந்தேகப்பட்டோம். கடைசியில் விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஊர்ச்சபைக் கட்டடத்து முன்னால் எங்களை நிற்கவைத்து, இது தேமல் நோய், வைரஸ், இதற்கு மருந்து இல்லை என்றாள்.

மருந்து இல்லை என்றதுமே நாங்கள் கலைந்து, ஆளாளுக்குச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டோம். அவள் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நோய் போத்து வழியாகப் போகும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பேன் வழியாகவும் போகும், விதை வழியாக மட்டும் போகாது, நல்ல எருவும் தண்ணீரும் கிடைத்தால் பெரும்பாலான மரம் நோயோடே காய்க்கும் என்றெல்லாம் சொன்னாளாம். இதைக் கடைசிவரை நின்று கேட்டது ஒருத்திதான். கஞ்சி அண்டாவைக் கழுவிவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சபை கூடியது. பெலைத் எழுந்தார். பெலைத் முப்பது வருஷம் பிரான்ஸில் கார்த் தொழிற்சாலையில் இடப்பக்கக் கதவை முடுக்கியவர். அந்தத் தகுதியில் இப்போது எங்களுக்கு மருத்துவம், வானிலை, விவசாயம் மூன்றிலும் ஆலோசகர். நோய் போத்து வழியாகப் பரவுகிறது என்று கைபேசியில் படித்துக்காட்டினார். ஊரில் ஓசிப் போத்தை வீடு வீடாகப் பொறுக்கிச் சேர்த்தது யார் என்று கேட்டார். எல்லோரும் வாசலைப் பார்த்தோம். பெண்கள் சபைக்குள் வரக் கூடாது என்பதால் ஜூஹர் நிலைப்படிக்கு வெளியே, ஒரு விரற்கடை தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

“பெலைத் அண்ணே, நான் வெளியூர்லேர்ந்து ஒரு குச்சி கொண்டாரல” என்றாள். “எல்லாம் உங்க வாசல்ல எரிக்கப் போட்டதுதான். அதுல சீக்கு இருந்தா யாரு வீட்டுச் சீக்கு?”

“எல்லார் வீட்டுச் சீக்கையும் ஒரே எடத்துல கொண்டுபோய் வளத்திருக்கியே, அதத்தான் சொல்றேன்.”

“அப்ப சீக்கில்லாத மரம் உங்க கொல்லையில இருக்கணும். காட்டுங்க, பாப்போம்.”

பெலைத் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிரான்ஸில் இப்படி நிலைப்படியில் நின்று யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்றார். சபைத் தலைவர் அரெஸ்கி தொண்டையைக் கனைத்தார். அரெஸ்கி நல்ல மனிதர். எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நின்று, கடைசியில் சத்தம் பெரிதாக இருக்கிற பக்கம் விழுவார். சரிவில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் வேரோடு தோண்டி எரித்துவிடுவது என்று தீர்மானமானது. ஒருமனதாக. நானும் கை தூக்கினேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஜூஹருக்கு அந்த மரங்கள்தான் சொத்து. அப்பன் கொடுக்காததையும் புருஷன் கொண்டுபோனதையும் சேர்த்து அந்தச் சரிவில்தான் அவள் நட்டிருந்தாள். ஆனால் அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“காய் இருக்கற மரத்த வெட்டற வழக்கம் நம்ம ஊர்ல எப்பலேர்ந்து?”

அப்படி வழக்கம் இல்லைதான். பழத்தோடு நிற்கும் அத்தியில் கோடரி வைப்பது எங்களுக்குப் பெரும் பாவம். ஆகவே அறுவடை முடிந்து, அக்டோபர் முதல் வெள்ளி என்று தள்ளிவைத்தோம். ஐந்து மாதம் கிடைத்தது அவளுக்கு.

முதல் வாரமே எங்களை ஆச்சரியப்படுத்தினாள். மூன்று மரங்களை அவளே தோண்டி எரித்தாள். இலையெல்லாம் சுருண்டு, ஏழு வருஷத்தில் இடுப்புக்கு மேல் வளராமல் நின்ற மூன்று. எரியும்போது பக்கத்திலேயே நின்று கம்பால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்றார் பெலைத். மீதி இருபத்தெட்டுக்கு ஆட்டுப்பட்டியிலிருந்து எரு சுமந்தாள். பள்ளிக்கூடத்தில் காய்கறி கழுவிய தண்ணீரை ஒற்றைச் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு போய் ஊற்றினாள். பேனுக்காகத் திராட்சைக்காரர்களிடம் கந்தகத் தூள் வாங்கி, துளிரில் தூவினாள். முகத்தில் மஞ்சள் தூளோடு அவள் தெருவில் நடந்து வருவதைப் பார்த்து, மரத்துக்கு வந்த நோய் மனிதருக்கும் தொற்றிவிட்டது என்று காபிக் கடையில் ஒருவன் சொன்னான். அது நான் இல்லை.

ஜூன் வந்தது. சந்தையில் ஆண் காய் மாலைக்கு அடிதடி. நாங்கள் போட்டி போட்டு வாங்கினோம். இரண்டு நாள் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, பஸ் கூரையில் வெந்து வந்த மாலைகள். ஜூஹர் வாங்கவில்லை. ஆண் காய் இல்லாமல் மரத்தை மலடாக்கப் போகிறாள் என்று அவள் அண்ணன்மாரே சொல்லித் திரிந்தார்கள்.

ஒருநாள் சபைக் கட்டடத்துக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து குடிநீர்க் குழாயைப் பற்றி ஒருமனதாக ஏதோ முடிவு செய்துகொண்டிருந்தோம். கூரை ஓடு சரசரத்தது. பூனை என்று நினைத்தோம். பூனை இருமியது.

“மேல யாரு?” என்றார் அரெஸ்கி.

“நான்தான் தலைவரே, ஜூஹர்.”

“கூரையில என்ன பண்றே நீ?”

“காய் பறிக்கிறேன்.”

சபைக் கட்டடத்தின் பின்சுவர் வெடிப்பில் ஒரு காட்டத்தி நிற்கிறது. பறவை எச்சத்தில் விழுந்து முளைத்தது. சுவரைப் பிளக்கிறது என்று பதினைந்து வருஷமாக அதைப் பிடுங்கத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆண் மரம்தான். ஆனால் அப்பன் பேர் தெரியாத மரத்தின் காயை வீட்டு மரத்தில் கட்டுவது மரியாதையில்லை என்று யாரும் தொட்டதில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். அப்போதுதான் எங்களுக்கும் கண்ணில் பட்டது. ஊரில் ஒவ்வொரு அத்தியும் தேமல் பிடித்து நிற்க, அது மட்டும் ஒரு மஞ்சள் பொட்டு இல்லாமல் கரும்பச்சையாக நின்றது. விதையில் பிறந்த மரம். நோய் அதற்குத் தாய்வழியாகவும் வரவில்லை. சந்தை மாலையை யாரும் அதில் கட்டாததால் பேன் வழியாகவும் வரவில்லை.

“எறங்கு மொதல்ல. பொம்பள சபைக்குள்ள வரக் கூடாதுன்னு தெரியாதா?” என்று பெலைத் கத்தினார்.

“உள்ளாற நீங்கதான அண்ணே இருக்கீங்க. நான் மேலதான இருக்கேன்.”

அரெஸ்கி வழக்கத்தையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். கூரையைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளும்படி எங்களில் ஒருவனிடம் சொன்னார். விழுந்துவைத்தால் அதற்கு வேறு ஒரு கூட்டம் போட வேண்டுமே.

முந்நூறு காய்க்குக் குறையாது. அன்று ராத்திரியே கோரையில் கோத்து, மறுநாள் வெயில் ஏறுமுன் இருபத்தெட்டு மரத்திலும் கட்டிவிட்டாள்.

ஜூலைக் கடைசியில் எங்கள் கொல்லைகளில் காய் உதிரத் தொடங்கியது. காலையில் எழுந்து பார்த்தால் மரத்தடியில் பச்சைக் கோலிக்குண்டு கொட்டியது போலக் கிடக்கும். தேமல்தான் காரணம் என்றார் பெலைத். பாதி அதுவாக இருக்கலாம். மீதிப் பாதி, பஸ் கூரையில் வெந்து செத்த குளவிகள். செத்த குளவிக்குப் பணம் கொடுத்து, கூடவே உயிரோடிருந்த பேனையும் மூன்று வருஷமாக வாங்கிவந்து, எங்கள் கையாலேயே எங்கள் மரத்தில் கட்டியிருக்கிறோம். இதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவரவர் மரத்தடியில் அவரவர் குனிந்து பொறுக்கினோம்.

ஜூஹரின் மரங்களில் உதிரவில்லை. இலைகளில் தேமல் அங்கங்கே இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கு மேலே புது இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. காய் பருத்து ஊதா பாய்ந்தது.

இங்கே எங்கள் இன்னொரு வழக்கம் அவளுக்குக் கைகொடுத்தது. ஊர்ச்சபை நாள் குறிக்கும்வரை யாரும் அத்தி பறிக்கக் கூடாது; சொந்த மரமானாலும் கூடாது. அந்த வருஷம் ஆகஸ்ட் இருபது என்று குறித்திருந்தோம். ஜூஹரின் சரிவு தெற்கு வெயிலில் இருப்பதால் பத்தாம் தேதியே பழுத்துவிட்டது. பறித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் ஊருக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. பறிக்க முடியாததால் பத்து நாள் அப்படியே தொங்கின. ஊற்றுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் பார்த்தாள். தேன் துளி நுனியில் நிற்க, பழத்தோல் வெடித்துச் சிரிக்கிற பத்து நாள். அந்தக் கண்காட்சிக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

பெண்கள் கேட்டார்கள். முதலில் வந்தது தெஹ்பியா. பெலைத்தின் மனைவி.

“ஜூஹரு, எனக்கு ரெண்டு போத்து குடுடி. ஜனவரிக்கு வரேன். அவருட்ட சொல்லிடாத.”

“ஜனவரிக்கு வராத அக்கா. இப்பவே வந்து கெளையப் பாத்துக்க. ஜனவரில மரம் மொட்டையா நிக்கும், எது நல்ல கெள, எது சீக்குக் கெளன்னு எப்படித் தெரியும்? எல இருக்கறப்பதான் மரம் பொய் சொல்லாது.”

இத்தனை தலைமுறையாக நாங்கள் செய்துவந்த தவறு அதுதான். இலை உதிர்ந்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவோம். ஜூஹரும் எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் பொறுக்கினாள். மூன்றை எரித்ததும் அதனால்தான். இப்போது ஒரு ஏற்பாடு செய்தாள். போத்து வேண்டியவள் கோடையிலேயே வந்து, தேமல் இல்லாத கிளையாகப் பார்த்து, தன் வீட்டுத் தறியிலிருந்து ஒரு கம்பளி நூலைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போக வேண்டும். ஜனவரியில் அந்தந்த நூலைப் பார்த்து ஜூஹர் வெட்டிக் கொடுப்பாள். சுத்தமான இலை இருந்தால் சீக்கே இல்லை என்று அர்த்தமில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிட மேல் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். பிறகு தேமல் தெரிந்தால் பதறாதே, சோறு போடு, தண்ணீர் ஊற்று, எனக்குச் சர்க்கரை வியாதி இல்லையா, நான் அண்டா கிளறவில்லையா என்றாள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஓசிதான். எங்கள் வழக்கமே அதுதானே.

செப்டம்பர் முழுக்கச் சரிவில் நூல் ஏறியது. ஆண்களாகிய எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அந்தச் சரிவைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தோம். பார்த்தால் வயிறு எரியும்.

அக்டோபர் முதல் வெள்ளி வந்தது. தொழுகை முடிந்து முப்பது பேர் கடப்பாரை, மண்வெட்டியோடு சரிவில் இறங்கினோம். ஒருவருக்கும் இஷ்டம் இல்லை. ஆனால் ஒருமனதான தீர்மானம். அதைத் திரும்பப் பெறவும் ஒருமனது வேண்டும், பெலைத் இருக்கும்வரை அது நடக்காது. ஜூஹர் முதல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பெரிய பானை நிறையக் காபி, துணியில் சுற்றிய ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் ஊறிய அத்தி வற்றல். வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

“ஆரம்பிங்க அண்ணே” என்றாள் பெலைத்திடம். “நீங்கதான முன்னால பேசினீங்க. மொதக் கொத்தும் நீங்களே கொத்துங்க.”

பெலைத் கடப்பாரையை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். அவர் மூக்குக்கு நேராக ஒரு கிளை. அதில் வெளிர்நீல நூல். எங்கள் தறிகளில் அந்த நிறம் கிடையாது. ஊரில் அந்த நிறத்தில் ஒரே ஒரு பொருள்தான் உண்டு: பணி ஓய்வு பெற்றபோது தொழிற்சாலைத் தோழர்கள் பெலைத்துக்குக் கொடுத்த ஸ்வெட்டர். பெருநாளுக்குப் பெருநாள் அதைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் நடப்பார். கோடையில் பெட்டிக்குள் இருந்த அந்த ஸ்வெட்டரின் இடது கையைத் தெஹ்பியா முழங்கைவரை பிரித்திருந்தாள்.

அதற்குள் அடுத்த மரத்திலிருந்து ஒருவன், “ஏய், கொத்தாத. இது எங்க வீட்டு நூலு” என்றான். அதற்கப்புறம் சரிவெங்கும் அதே பேச்சு. சிவப்பு யாருடையது, கருப்பு வெள்ளை முறுக்கு யாருடையது என்று ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கம்பளத்தின் நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அரெஸ்கி ஏழாவது மரத்தடியில் நூலை எண்ணிக்கொண்டு நின்றார். அதில் அவர் மனைவி ஒன்றல்ல, மூன்று நூல் கட்டியிருந்தாள். இருபத்தெட்டு மரம், அறுபது வீட்டு நூல். எந்த மரத்தைத் தோண்டினாலும் நாலு வீட்டில் ராத்திரி சோறு கிடைக்காது.

எல்லோரும் பெலைத்தைப் பார்த்தோம். பெலைத் நூலைப் பார்த்தார்.

“இந்தக் கெள நல்ல கெளதானா?” என்று கேட்டார், யாரையும் பார்க்காமல்.

“தெஹ்பியா அக்கா ரெண்டு நாள் நின்னு பாத்துப் பொறுக்கின கெள அண்ணே. ஒரு திட்டு கெடையாது.”

“தீர்மானம் இருக்கே” என்றார் அரெஸ்கி, பலவீனமாக.

“அறுவட முடிஞ்சப்பறம்னுதான தீர்மானம்” என்றார் பெலைத். “ஜனவரில போத்து வெட்டணும். அதுவும் ஒரு அறுவடதான்.”

எங்கள் ஊர் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஒருமனது வந்தது இல்லை. பெலைத் கை தூக்கியதும் முப்பது கையும் மேலே போனது; பாதிப் பேர் கடப்பாரையோடே தூக்கினோம்.

ஜூஹர் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். எங்கள் கோப்பைகளைத் திரும்ப வாங்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். நாங்கள் நழுவப் பார்த்தோம்.

“எங்க போறீங்க? கடப்பாரையோட வந்துட்டு சும்மாவா போறது?” என்றாள். “குளுருக்கு முன்னாடி எரு வெக்கணும். மரத்துலேர்ந்து ரெண்டு மொழம் தள்ளி, சுத்தி ஒரு மொழ ஆழத்துக்குக் குழி எடுங்க. வேர்ல பட்டுச்சோ, அவங்கவங்க பொண்டாட்டிட்ட நான் பேசிக்கறேன்.”

அவரவர் வீட்டு நூல் தொங்கிய மரத்தடியில் அவரவர் நின்று தோண்டினோம். வெயில் தாழ்வதற்குள் இருபத்தெட்டு மரத்தைச் சுற்றியும் எருக்குழி தயார். ஜூஹர் ஒவ்வொன்றிலும் கையை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னுடையது ஒரு சாண் குறைவு என்று திரும்பத் தோண்டச் சொன்னாள். பெலைத்தினுடையதை மட்டும் பார்த்துவிட்டு, ஆழம் சரி என்று தலையாட்டி அடுத்த மரத்துக்குப் போனாள்.